நான்கு தடவை வைத்த நூடுல்ஸ்

மாசி 11, ஞாயிறு

மகள் கவிதா கட்டிக்கொள்ள விரும்பும் பையனைப் பார்க்க, பாலக்காட்டில் ஒரு சைனீஸ் பஃபேக்கு மத்தியானம் போனோம். வேண்டியதை அவரவரே எடுத்து, வயிறு கொள்ளுமட்டும் சாப்பிடலாமாம். பெண்ணைப் பெற்றவன் நான் இருக்க, வந்தவன் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதா? ஊர்ப் பந்திகளில் வாளி தூக்கிப் பரிமாறிய கை சும்மா இருக்கவில்லை. நான்கு தடவை நூடுல்ஸ் வைத்தேன். “போதுமுங்க, போதுமுங்க” என்றபடியே வேர்க்க வேர்க்க அத்தனையும் தின்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் கவிதா பிடித்துக்கொண்டாள். “உங்களுக்குப் பயந்துட்டுத் தின்னாருங்கப்பா! புடிச்சிருக்கா, இல்லியா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அத்தனை பேர் நடுவில் வெட்கமாக இருந்தது. சிரித்துவைத்தேன். அதையும் தப்பாக எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் போய்ப் படுத்துவிட்டாள். பிடிக்காதவனுக்கு எவனாவது நான்காம் தடவை வைப்பானா? பெற்ற மகளுக்கு இதுகூடவா புரியாது? காலையில் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.