சமையலறையில் நின்று சாப்பிட்டவள்

ஆன்டிகுவா, குவாதமாலா
9 செப்டம்பர் 1997

மகள் மாரித்துக்கு,

நீ நோர்வே போய்ச் சேர்ந்ததை இங்குள்ள உன் ஆசிரியை சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்கு ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை, போகட்டும்.

ஸ்பானிய மொழிப் பள்ளியின் பட்டியலிலிருந்து என் வீட்டை எடுத்துவிட்டார்கள். பதினோரு வருடம், உன்னைப் போல மொழி படிக்க வரும் மாணவர்களைத் தங்கவைத்த வீடு. மேலாளர் தோன் ருபேன் வாசலிலேயே நின்று சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க, தோன்யா எர்லிந்தா. பிள்ளைங்களோட ஒண்ணா உட்காந்து சாப்பிடணுங்கிறது விதி. நீங்க ஒரு நாள்கூட உட்காரலைன்னு அந்த நோர்வேப் பொண்ணு கிளம்புறப்போ நிரப்பின படிவத்துல எழுதியிருக்கு."

பக்கத்து வீட்டு சோய்லாவுக்கு ஒரே கொண்டாட்டம். "உங்க வீட்டுல சாப்பாட்டை விட இலக்கணத் திருத்தந்தான் அதிகம். பிள்ளைங்க பொழைச்சுது!"

ஆறு வாரத்தில் உன் குழம்பில் ஒரு நாளாவது கோழித்துண்டு குறைந்ததா? நீ சாப்பிட்டு எழுந்து நன்றி சொன்னபோதெல்லாம் "உடம்பில் ஒட்டட்டும்" என்று உள்ளேயிருந்து நான் பதில் சொல்லவில்லையா? இப்போது இந்த வீட்டில் வானொலி தவிர வேறு குரல் இல்லை.

ஏன் அப்படி எழுதினாய்?

எர்லிந்தா,
காலஞ்சென்ற பராஹோனாவின் மனைவி


பெர்கன், நோர்வே
2 அக்டோபர் 1997

மதிப்புக்குரிய தோன்யா எர்லிந்தா,

இக்கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். படிவத்தில் கேள்வி இருந்தது, உள்ளதை எழுதினேன். உங்கள் வீட்டையே எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கவில்லை.

ஒரு மதியம் கதவிடுக்கில் பார்த்தேன். கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னோடு உட்காரக்கூட மனமில்லையா என்று அறைக்குப் போய் அழுதேன்.

நான் எழுதியது தவறு என்று பள்ளிக்குச் சொல்லட்டுமா? அடுத்த கோடையில் உங்களிடமே வந்து தங்கலாமா?

அன்புடன்,
மாரித்


ஆன்டிகுவா
4 நவம்பர் 1997

மாரித்,

எழுத்து கோணலாக இருக்கும். போன கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். இதைக் கையால் எழுதுகிறேன்.

பள்ளிக்குப் பொய் எழுதாதே. நீ எழுதியது உண்மை. இரண்டு வருடமாக என் வலது கை நடுங்குகிறது. கன்னியர் மடத்துப் பள்ளியில் சூப்பைச் சிந்தும் பெண்ணைச் சுவரைப் பார்த்து நின்று சாப்பிடவைப்பார்கள். எழுபத்திரண்டு வயதில் அந்தத் தண்டனையை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனேன். எல்லா ஆசிரியர்களும் இருந்தார்கள். "என் கை நடுங்குது. அதான் உட்காரல" என்றேன். தோன் ருபேன் காபி கொடுத்தார். அவர்கள் முன்னாலேயே குடித்தேன்; பாதி ரவிக்கையில்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன, தோன்யா?"

"உங்களுக்கு வேடிக்கை காட்டவா?"

வீட்டை மறுபடி பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஒரு கொரியப் பெண் வருகிறாள். அவளோடு மேசையில் உட்காருவேன்.

நீ வர வேண்டாம். படிவத்தை மன்னித்துவிட்டேன். கதவுவரை வந்தவள் கேட்காமல் திரும்பிப் போனதைத்தான் மன்னிக்க முடியவில்லை. "ஏன் தோன்யா நிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கலாம். நான் பொய்தான் சொல்லியிருப்பேன்.

இருந்தாலும், கேட்டிருக்கலாம்.

எர்லிந்தா