மூன்றாம் தரம் சொல்லாத ஏலம்

என் செல்ல அக்காவுக்கு,

இன்று செப்டம்பர் 21, ஞாயிறு, பிற்பகல் 3.20. உன் கதையின் அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருப்பவர்கள் 318 பேர். ஓராண்டு புதிதாக எதுவும் வராத தொடரை நீ எழுதிவந்த கதைச் செயலி எடுத்துவிடுமாம். இன்று மாலை ஆறு மணிக்கு உன் தொடருக்கு அந்தக் கெடு முடிகிறது. நீ போய்ப் பத்து மாதம். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வாசித்துவிட்டேன். நாற்பத்தொரு அத்தியாயமும். ஆரல்வாய்மொழியில் காற்று அளவுக்கு மீறி அடித்தால் எங்களைக் காற்றாலையில் ஏற விடமாட்டார்கள். ஜீப்பில் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்க எனக்கு வராது. அம்மாவிடம் உன் போனை வாங்கிக்கொண்டு போய் வாசித்தேன். மூன்றாம் நாள் காற்று நின்றபோது எனக்குக் கோபம் வந்தது, தெரியுமா?

ஆஸ்பத்திரியில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது நீ போனில் தட்டிக்கொண்டே இருப்பாய். என்ன கதை என்று கேட்டேன். இரட்டை டியூட்டி பார்த்துக் களைத்துச் செத்த ஒரு நர்ஸ், இரண்டு நிலா உள்ள வேறோர் உலகத்தில் கண் விழிக்கிறாள். அங்கே அவளுக்கு அரை ஏக்கர் நிலம், பக்கத்தில் போரை விட்டு வந்த ஒரு தளபதி என்றாய்.

“அங்க சண்டை வருமா?”

“இல்லலே. வெண்டைக்கா காய்க்கும்.”

“பின்ன அத எவன் வாசிப்பான்?”

“காய்க்கும்னு தெரிஞ்ச ஒரு காரியம், சொன்ன மாதிரி காய்க்கதைப் பாக்கணும்லா மக்கா. அதுக்குத்தான்.”

கையில் ஊசியோடு சொன்னாய். நான் சிரித்தேன். மடையன்.

இப்போது புரிகிறது! தளபதி களை என்று நினைத்து மிளகாய் நாற்றையெல்லாம் பிடுங்கிப் போடுகிறானே, அதற்கு அவள் திட்டவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து எது களை, எது நாற்று என்று காட்டுகிறாள். மறுநாள் அவள் எழுந்திருக்கும் முன்னே அவன் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போயிருக்கிறான். அவ்வளவுதான் காதல். ஜீப்பில் இருந்து கத்தினேன் அக்கா, டிரைவர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

ஆனால் நாற்பத்தொன்றில் இப்படியா நிறுத்துவாய்? நம் சர்ச்சின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் காய்கனிகளை ஏலம் விடுவதை அப்படியே தூக்கி அந்த உலகத்தில் வைத்துவிட்டாய். அவள் தோட்டத்து முதல் மட்டி வாழைக்குலை ஏலத்துக்கு வருகிறது. அங்கே காசு இல்லை. விளைவித்தவர் தோட்டத்தில் எத்தனை நாள் வேலை செய்வேன் என்றுதான் கேட்க வேண்டும். தளபதி நாற்பது நாள் என்கிறான். ஒரு தரம், ரெண்டு தரம். அத்தோடு நீ போய்விட்டாய்.

நேற்று நானே நாற்பத்திரண்டை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். தளபதி ஏலம் எடுத்தான், குலையைத் தோளில் போட்டான், வீட்டுக்குப் போனான், சுபம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“வீட்டுக்கா கொண்டு போனான்? வெக்கங்கெட்ட பய!”

“ஏலம் எடுத்தாம்லா?”

“ஏலே, நீ இத்தன வருசம் சர்ச்சுல எங்க நின்ன? மொத தடவையே எவனாவது கொண்டு போவானா? எடுத்தவன் சர்ச்சுக்கே திரும்பக் குடுப்பான், மறுபடி ஏலம் போவும். ஒரே பூசணிக்கா நாலு தடவ போவும். நீ போனை நோண்டிக்கிட்டு நின்னிருப்ப.”

உண்மை. நோண்டிக்கொண்டுதான் நின்றேன்.

பிறகு யோசித்தேன், தலை சுற்றிவிட்டது. தளபதி குலையைத் திருப்பிக் கொடுக்கிறான். மறுபடி ஏலம். மறுபடி நாற்பது நாள் என்கிறான். எடுத்ததும் மறுபடி கொடுக்கிறான். குலை அவனுக்கு வேண்டாம், அவள் தோட்டத்தில் நிற்கும் நாள்தான் வேண்டும்! இதைத்தானே நினைத்து வைத்திருந்தாய்? இல்லை, இதைவிட நல்லதாக ஏதாவது இருந்ததா? எங்கும் குறித்து வைக்கவில்லையே நீ.

மணி 4.05. உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன், இவ்வளவும் செய்வேன்:

1. எழுதியதை அழித்துவிட்டு, திருப்பிக் கொடுப்பதில் இருந்து தொடங்குவேன்.
2. பதிவிடும் முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டுவேன். அவள் சிரித்தால்தான் போடுவேன்.
3. ஆறு மணிக்குள் போடுவேன். 318 பேருக்கும் நீ இல்லை என்பதை ஒரே வரியில் சொல்வேன், மழுப்பமாட்டேன்.
4. மாதம் ஓர் அத்தியாயம். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும்.
5. அவர்கள் இருவருக்கும் கல்யாணம் செய்துவைக்க மாட்டேன். யார் கேட்டாலும் சரி. செய்துவைத்தால் உன் கதை முடிந்துவிடும்.

உன் கூடப்பிறந்த முன்கோபி,
தம்பி