பெரியப்பாவிடம் போனைக் கொடு என்றாயே

ஹாய்ஃபோங்,
புதன்கிழமை காலை.

அன்பு மகன் தியெப்புக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பெரியம்மாவும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த ஒரு வரி மட்டும் எழுதக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது மகனே, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை மேட்ச் முடியும்வரை உங்கள் எல்லோருடைய போனையும் பயிற்சியாளர் வாங்கிப் பூட்டிவிட்டார் என்பதால்தான் இந்தக் காகிதம். தெருமுனைக் காப்பிக்கடை தோங் நாளைக்கு ரசிகர் கூட்டத்தோடு பாங்காக் கிளம்புகிறான், கொடி மேளத்தோடு இதையும் கொண்டு வருகிறான். நீ ஹோட்டல் வாசலில் பஸ் ஏறும்போது கையில் திணித்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறான். காகிதத்தில் காப்பிக்கறை இருந்தால் என்னைக் கேட்காதே, அவனைக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆடிய பயிற்சி ஆட்டத்தை அவன் கடையில்தான் பார்த்தேன். கார்னரிலிருந்து வந்த பந்தைப் பிடிக்க நீ வெளியே பாய்ந்தாய், எதிரணி நெட்டையன் ஒருவனின் முழங்கால் உன் காதுக்கு மேலே இடித்தது. நீ பந்தை விடவில்லை. கடை முழுக்கக் கைதட்டல், தோங் மேசையைத் தட்டி "நம்ம தியெப்புன்னா சும்மாவா!" என்று கத்தினான். எனக்கு மட்டும் கைதட்டத் தோன்றவில்லை. ஏனென்றால் நீ எழுந்து கோலைப் பார்த்துப் போகாமல் மைதானத்தின் நடுவைப் பார்த்து நடந்தாய், பின்வரிசைப் பையன் ஒருவன் தோளைப் பிடித்து உன்னைத் திருப்பிவிட்டான். டாக்டர் ஓடிவந்து விரலைக் காட்டினார், நீ ஏதோ சொல்லிச் சிரித்தாய், அவர் போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. பதினாறு வயதில் உடைந்த விரலைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் அணித் தேர்வில் ஆடினாயே, அப்போதும் இப்படித்தான் சிரித்தாய்.

இருந்தும் என் மனதைத் தேற்றிக்கொண்டேன். நேற்று உன் பெரியப்பாவின் முதல் வருஷத் திதி, வேலை தலைக்கு மேல் இருந்தது. கோழி, ஒட்டரிசிச் சோறு, அவருக்குப் பிடித்த நண்டுச் சுருள், ஒரு பீர், ஒரு சிகரெட் எல்லாம் படத்துக்கு முன்னால் வைத்தோம், சொந்தக்காரர்கள் முப்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் உன் போன் வந்தது, பூட்டி வைக்கப் போகிறார்கள், ஒரு நிமிஷம்தான் என்றாய். பெரியம்மா திரையைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டாள். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, நான் எழுதுகிறேன். "பெரியம்மா, பெரியப்பா எங்க? அவர்கிட்ட போனைக் குடுங்க, சனிக்கிழமை அவர் மேளம் கேக்கலேன்னா நான் ஆட மாட்டேன்" என்றாய்.

பாயில் இருந்தவர்கள் எல்லோரும் படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பெரியம்மா ஓவென்று அழுதாள், துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில். படத்துக்கு முன்னால் ஊதுபத்தியின் சாம்பல் விழாமல் வளையமாகச் சுருண்டு நின்றது, அதைக் காட்டி "வந்துட்டாரு பாருங்க, சாம்பல் சுருண்டு நிக்குது, நம்ம கண்ணுக்குத் தெரியல, பிள்ளை கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காரு" என்றாள். சித்தப்பா கோப்பையைத் தூக்கி "இனி எவன் அடிச்சாலும் கோல் விழாதுடா, வலைக்குப் பின்னாடி அண்ணன் நிக்கிறாரு" என்றார். இன்னொரு கட்டு ஊதுபத்தி கொளுத்தினோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் நம்பினேன், கூட இரண்டு கோப்பை குடித்துவிட்டு அண்ணன் படத்துக்கு நன்றி சொன்னேன்.

உன் அம்மா மட்டும் எழுந்து போய்விட்டாள். பின்கட்டில் தயிர் வைத்த கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவியதையே திரும்பக் கழுவினாள். எல்லோரும் போன பிறகு என் எதிரில் வந்து நின்றாள். பல்கேரியாவிலிருந்து வந்து பத்து வருஷமாகியும் நம் பேச்சு அவளுக்குக் கோணல்தான், கோபம் வந்தால் இன்னும் கோணல். "செத்தவர் வந்தா நல்லது, வரட்டும். ஆனா இவன் அவர் செத்ததையே மறந்துட்டான். பெரியம்மாகிட்ட கடைசியா எந்த மொழியில போயிட்டு வரேன்னு சொன்னான், கேட்டியா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ பெரியம்மாவிடம் பல்கேரிய மொழியில் விடைபெற்றாய், அவளுக்கு அதில் ஒரு எழுத்து தெரியாது, பிள்ளை செல்லம் கொஞ்சுகிறது என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். உன் அம்மாவின் ஊரான வார்னாவில் நாம் இருந்தபோது, நாலு வயதில் தூக்கக் கலக்கத்தில் எழுந்தால்தான் நீ ஆளையும் மொழியையும் அப்படி மாற்றிவிடுவாய். போதை ஒரு நொடியில் இறங்கிவிட்டது.

இதில் என் தப்பும் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடத்தில் பையன்கள் உன்னைச் சீனாக்காரன் என்று தள்ளிவிட்டபோது, எழுந்து நில், வலிக்கிறது என்று காட்டாதே என்று நான்தான் சொன்னேன். பதினேழு வயதில் இங்கே கூட்டி வந்தால் இங்கே நீ வெள்ளைக்காரன் ஆனாய், வெள்ளைக்காரப் பிள்ளை அடி தாங்காது என்பார்கள், விழுந்தால் உடனே எழுந்திரு என்று அதையும் நான்தான் சொன்னேன். குடியுரிமைத் தாளுக்கு ஆறு வருஷம் காத்திருந்து முதல் மேட்ச் ஆடியபோது, "ஏய் வெள்ளைக்காரா, ரொட்டி திங்கப் போடா" என்று கூட்டம் கத்தியது, பெரியப்பா அவர்கள் முகத்துக்கு நேரே மேளத்தை அடித்து "எங்க வீட்டுப் பிள்ளைடா அவன், மூக்கு மட்டும்தான் அவங்க அம்மாவோடது" என்றார். அதற்குப் பிறகும் நீ ஓரத்து பெஞ்சில்தான், தாய்லாந்து கிளப்புக்குப் போய் இரண்டு வருஷம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, இருபத்தேழு வயதில், முதல் கோல்கீப்பரின் தோள் இறங்கியதால் நாட்டுக்காக இந்தச் சனிக்கிழமை வாய்த்திருக்கிறது. அது உனக்கு என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும்தான் செய்தேன்.

இன்று காலை ஏழு மணிக்கு உங்கள் குழுவின் டாக்டருக்குப் போன் செய்தேன். அவருடைய போனை யாரும் பூட்டவில்லை, முகாமுக்கு அழைத்த தாளில் எண் இருந்தது, அம்மா அதை எடுத்து என் டீத்தட்டுக்கு அடியில் வைத்திருந்தாள்.  திதி வீட்டில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நீ எந்த மொழியில் விடைபெற்றாய் என்பதை மட்டும் அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு "இன்னைக்கே மறுபடியும் பாக்கறேன் ஐயா. அவன்கிட்ட முன்கூட்டி எதுவும் சொல்லிடாதீங்க, பதிலைத் தயார் பண்ணிக்கிட்டு வந்துடுவான்" என்றார். அதனால்தான் கடிதம் நாளைக்குக் கிளம்புகிறது. உன் கைக்கு வரும்போது முடிவு தெரிந்திருக்கும், உன் இடத்தில் வேறொருவன் கையுறை மாட்டியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். யார் போட்டுக்கொடுத்தது என்று தேட வேண்டாம், நான்தான்.

பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவள் புருஷன் வந்தார் என்ற நினைப்பில் ராத்திரி நன்றாகத் தூங்கினாளாம். தெருவில் வீட்டுக்கு வீடு உன் படம் ஒட்டியிருக்கிறார்கள், விஷயம் தெரிந்தால் தோங் கடையில் எனக்கு யாரும் பக்கத்து நாற்காலி தரமாட்டார்கள். நீ இனி என்னோடு பேசாமல்கூடப் போகலாம். இத்தனையும் யோசித்துப் பார்த்தேன், ஆனால் அந்த முழங்கால் இன்னொரு தடவை உன் தலைக்கு வருவதை நினைத்தால் மற்றதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாக இல்லை.

மகனே, உன் பெரியப்பா இறந்துவிட்டார். போன வருஷம், கொட்டும் மழையில். அவருக்கு மகன் இல்லையென்று நீதான் தலையில் வெள்ளைத்துணி கட்டி, அவர் படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாய், படம் நனையாமல் உன் சட்டையால் மூடினாய். இதை உனக்கு நான் எழுதித் தெரிவிக்க வேண்டியிருக்கிறதே.

நீ நூறு வயது இருக்க வேண்டும், நம் முன்னோர்களும் உன் அம்மா ஊர்ச் சாமிகளும் உன்னைக் காக்கட்டும். தனியாகப் படுக்காதே, அறைத்தோழனிடம் சொல்லி வை, மோட்டார் சைக்கிளைத் தொடாதே. தலையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் நேரே வீட்டுக்கு வா, வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி என்னைத் திட்டு. நான் பதில் பேசமாட்டேன், உனக்கு எங்கள் எல்லோருடைய பேரும் ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

உன் அப்பா,
வுவாங்.