ரம்யா எழுதிய மனு

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை.

ரம்யா அப்பாவுக்கு, உமாராணி அன்போடு எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். மஸ்கட்டில் வெயில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள், அதனால்தான் கடிதம். முழுக்க வாசியுங்கள்.

உங்கள் தம்பி விஜயராஜ் பார்த்தது உண்மைதான். ரம்யா பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனோடு அரை மணி நேரம் நின்று பேசினாள். அவன் பெயர் செந்தூர்வேல், அவள் வகுப்பு லீடர். லீடர் தேர்தலில் ரம்யாவும் நின்று தோற்றாள். பெண்கள் பள்ளியில் இரண்டு வருடம் லீடராக இருந்தவளுக்கு, இந்த இருபாலர் பள்ளியில் பெண் பிள்ளைகளிலேயே பாதிப் பேர் ஓட்டுப் போடவில்லை. "ஏளா, நீ சொன்னா பயலுவ கேக்கவா போறானுவ?" என்று அவள் தோழி ஜெப்ஸியே கேட்டிருக்கிறாள். அன்றைக்கு ரம்யா சாப்பிடவில்லை.

பிறகுதான் கம்ப்யூட்டர் லேப் விஷயம். நாலரை மணிக்கு மேல் பையன்கள் மட்டும் இருந்து பழகலாம், பெண்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அங்கே வழக்கம். ரம்யா மனு எழுதி, லீடர் கையெழுத்துக்காகச் செந்தூர்வேலிடம் போனாள். பத்தாவது வரை ஆண்கள் பள்ளியில் படித்தவன் அவன். "உங்களுக்கு லேப் கிடையாதுங்கதே எனக்குத் தெரியாது" என்று சொல்லி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டானாம். கையெழுத்துக்கு முன் அந்த மனுவைத் திருத்தத்தான் இருவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள்.

டி.சி. வாங்கச் சொன்னீர்கள். வெள்ளிக்கிழமை போனேன். தலைமையாசிரியை மனுவைக் காட்டி, பெற்றோர் சம்மதித்தால் அனுமதிப்பதாகச் சொன்னார். நான் டி.சி. கேட்கவில்லை. சம்மதப் படிவத்தில் 'தந்தை' என்றிருந்ததை அடித்து, 'தாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் உங்களைக் கேட்காமல் போட்ட முதல் கையெழுத்து. கோபப்படுவீர்கள் என்று தெரிந்தேதான் போட்டேன்.

நேற்றுப் பதினொரு பெண்கள் ஆறு மணி வரை இருந்தார்கள். ஜெப்ஸியும் இருந்தாள். சில பையன்கள் கேலி பேசினார்களாம். ரம்யா சட்டை செய்யவில்லை. துறைமுக லாரிகள் போகிற ரோடு என்பதால் ஜெப்ஸி அம்மாவும் நானும் முறை வைத்துக் கூட்டி வருவதாக ஏற்பாடு. நேற்று என் முறை; அந்த நேரம் விஜயராஜ் நம் கடையைப் பார்த்துக்கொண்டார், முணுமுணுத்துக்கொண்டேதான்.

நீங்கள் பேசாமலிருப்பது மட்டும்தான் அவளுக்கு வருத்தம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். யாரோடு நின்றாய் என்று கேட்க வேண்டாம். லேப்பில் என்ன செய்தாய் என்று கேளுங்கள். முருகன் உங்களுக்கு நல்ல உடம்பையும், எங்கள் இரண்டு பேர் மேலும் நம்பிக்கையையும் கொடுக்கட்டும்.

உங்கள்
உமாராணி