மச்சினனின் ஸ்ட்ரைக்கும் என் புதுக் காரும்

ஆடி 20, புதன். காலையிலேயே அனல்.

யாரிடமும் சொல்ல முடியாதது: பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து, வாயால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்குகிற ஆள். வாசலில் பால்காரர். "வளைவுல பாத்துப் போங்க அண்ணாச்சி" என்றுவிட்டு நகர்ந்தார்.

முதல் கார்! ஆடிக் கடைசி வெள்ளிக்கு அதில் இருக்கன்குடி போக வேண்டும். மாரியம்மன் கோயில் முன்னால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும். ஷோரூமில் மட்டும் ஒரே பாட்டு: "கொஞ்சம் லேட்டாகும் சார்." டிவியைப் போட்டால், சென்னைப் பக்கம் அந்தக் கார்க் கம்பெனியில் தொழிற்சங்கம் கேட்டு ஸ்ட்ரைக். ஓகோ, அதனால்தான் லேட்டா!

21, வியாழன். மேகம் மட்டும்.

டீக்கடையில் கார்க்காரர்கள் மாநாடு. (நானும் கார்க்காரன்தான். புக் பண்ணியிருக்கிறேனே.) பட்டாசுக் கடை மோகன்: "சங்கம்னு வந்தா கம்பெனி வேற ஸ்டேட்டுக்கு ஓடிரும்லே." பழைய கார் ரத்தினம் அண்ணாச்சி: "நம்ம நாட்டுல செஞ்ச காருன்னு மார் தட்டுறீக. செஞ்சவன் வாயத் தொறந்தா மட்டும் கசக்குதோ?"

நான் மோகன் கட்சி. வேகத்தில் வாட்ஸப் ஸ்டேட்டஸ் வேறு: 'உட்கார்ந்து தின்கிற கூட்டம்.'

என் மனைவி பாக்கியத்தின் தம்பி செல்வம் அதே கம்பெனியில் கதவு மாட்டுகிறான், ஸ்ட்ரைக்கில் நிற்கிறான் என்பது போட்ட பிறகுதான் மண்டையில் ஏறியது. அழிப்பதற்குள் பார்த்துவிட்டான்.

22, வெள்ளி.

இட்லி வந்தது, சட்னி வரவில்லை. பாக்கியம் சொன்னது இவ்வளவுதான்: "எந்தம்பி வந்து முன் சீட்டுல உக்காரட்டும். அதுவரைக்கும் அந்தக் காருல நான் கால் வைக்க மாட்டேன்." செல்வம் போனை எடுக்கவில்லை.

25, திங்கள்.

தீபாவளி சீசன். என் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் ஆர்டர் மூச்சு முட்டுகிறது. நடுவே ஒரு யோசனை, அபாரம்! ஸ்ட்ரைக்காரர்களுக்கு இலவச போஸ்டர். சரவெடி லேபிள் டிசைனிலேயே எழுத்தை மாற்றி, 'சங்கம் எங்கள் உரிமை', சுற்றிலும் தீப்பொறி. பஸ் பார்சலில் ஏற்றியாயிற்று.

27, புதன். நல்ல காற்று.

செல்வம் பேசினான்! எடுத்ததும் சிரிப்பு. "அத்தான், போஸ்டர் அடியில என்ன போட்டிருக்கீகன்னு பாத்தீகளா?"

பார்த்தேன். 'பெரியவர்கள் மேற்பார்வையில் வெடிக்கவும்.' லேபிள் வரி. எடுக்க மறந்திருக்கிறேன்.

"கம்பெனி கேட்டுல நிக்கிற அம்புட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாக. மேனேஜரே ஆள் விட்டு ஒண்ணு வாங்கிட்டாரு."

மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அத்தான்." பேச்சுவார்த்தை முடிந்து ஸ்ட்ரைக்கும் நின்றுவிட்டதாம். வருகிறானாம்! சட்னி இரண்டு வகை.

டீக்கடையில் இப்போது நானும் ரத்தினம் அண்ணாச்சியும் ஒரு கட்சி. மோகன் கேட்டான்: "ஏலே, உம் பிரஸ்ஸுல சங்கம் வச்சா?" எனக்கு அவசர வேலை வந்துவிட்டது.

29, கடைசி வெள்ளி.

கார் வந்துவிட்டது! சிவப்பு! பாக்கியம் பட்டுச் சேலையில். செல்வம் முன் கதவைத் திறந்தான், மூடினான், காது கொடுத்துக் கேட்டான்.

"நீ மாட்டுன கதவுதானே மாப்ளே?" என்றேன், நெஞ்சு விரிய.

"இல்லத்தான். இந்த மாடல் எங்க பிளாண்ட்ல செய்யுறதே இல்ல. வடக்க இருந்து வருது. அங்கன ஒருநாள்கூட வேல நிக்கலியே."