கொடியில் காயும் துணி அவன் பொறுப்பு

அன்பு மருமகளுக்கு,

நானும் உன் புருஷனும் உன் மகளுமாக மூன்று பேரும் இங்கே இருக்கிறோம். நீயும் என் பேரன் வாலுப்பயலும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு. பக்கத்து அறைக்காரர் உன் பக்கம் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் எங்களுக்கு இருப்பது ஒரே அறை. உன் புருஷன் காதில் விழாமல் நான் எங்கே போய்ப் பேசுவது? "அவளுக்கு எல்லாத்தையும் எழுதிடும்மா, நான் இருக்கறப்ப மட்டும் பேசாதே" என்று அவனே சொல்லிவிட்டான்.

ஒவ்வொரு தடவையும் போனில், அவருக்கு என் மேல் கோபமா அத்தை என்று கேட்கிறாய். நானும் தூங்குகிறான், குளிக்கிறான் என்று சமாளித்தேன். ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் குளிப்பான்! கோபமெல்லாம் இல்லை. உங்களை இங்கே கூப்பிட்டுக்கொள்ள அவன் போட்ட மனு தள்ளுபடியானது உனக்குத் தெரியும். அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. வேலை போய்விட்டது. உன் போன் வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். உன் முகத்தில் எப்படி முழிப்பது என்ற கூச்சம்தான்.

இனி உன் மகள் சமாச்சாரம். ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிறாள் என்பது நீ அறிந்ததே. இப்போது மத்தியானத்துக்கு மேல் இன்னொரு வேலை. இந்த ஊரில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் போனால் அடுத்த வருஷம் வா என்கிறார்களாம். போனாலும் அவருக்கு நம் பேச்சு புரியாது. அதனால் அகதியாக வந்த நம் ஆட்களிலேயே சிலரைப் பொறுக்கி, சில வாரம் சொல்லிக்கொடுத்து, வீடு வீடாக அனுப்புகிறார்கள். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, காசும் வாங்குவதில்லை. எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டுமாம். கேட்பதற்குமா படிப்பு என்று சிரித்தேன். "எங்க, குறுக்க பேசாம ஒரு நிமிஷம் கேட்டுக் காட்டு பாட்டி" என்றாள் வாயாடி. இப்போது படிக்கட்டில் என்னை நிறுத்தி, அந்தப் பொண்ணோட பாட்டியா நீங்க என்று விசாரிக்கிறார்கள். அதைக் கேட்பதற்காகவே மெதுவாக ஏறுகிறேன்.

சொந்த அப்பாவுக்கு அவள் செய்யக் கூடாதாம், அது சட்டம். அவளோடு பயிற்சி எடுத்த லாரிக்காரர் ஒருவரை அனுப்பினாள். முன்பு லாரி ஓட்டியவர், சாமான் ஏற்றிய லாரி மாதிரியே ஆகிருதி. இவர் என்ன மனசைப் பார்க்கப்போகிறார் என்று டீ போட்டுக் கொடுத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். அவர் உன் புருஷனிடம் ஒன்று கேட்பார், நான் பதில் சொல்வேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், "அம்மா, நீங்க வெளியில காத்தாட நில்லுங்களேன்" என்றார். கதவில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. என்னடா இது, பேசாமல் இருக்கவா பஸ் ஏறி வந்தார்! உள்ளே என்னதான் நடக்கிறது என்று உன் மகளைக் கேட்டால், உள்ளே பேசுவது உள்ளேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். எனக்கோ தலை வெடிக்கிறது.

சில வாரம் வந்த பிறகு, தினமும் சாயங்காலம் மாடிக் கொடியிலிருந்து துணி எடுத்து வருகிறேன் என்று உன் புருஷனே சொன்னானாம். அவனைக் கேட்டுக்கொண்டுதான் லாரிக்காரர் இதை என்னிடம் சொன்னார். ஏன் ஐயா, வேலைக்குப் போகச் சொல்லக் கூடாதா என்று லாரிக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா, அவரா சொல்லணும். யோசனை சொன்னா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேடம் என்னைத் திட்டுவாங்க" என்றார்.

அவன் துணி எடுக்க வேண்டிய முதல் நாள் பார்த்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் எல்லாத் துணியையும் நானே அள்ளிக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் அவன் நின்றான். என் இடுப்பிலிருந்த கூடையைப் பார்த்தான். திரும்பிப் போய்ப் படுத்துவிட்டான். உன் மகள் வந்து, "அப்பா சட்டை போட்டுக்கிட்டா வந்தாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எத்தனை நாள் கழிச்சு சட்டை மாட்டினவரு! அவர் செய்ய இருந்தது அது ஒண்ணுதான், அதையும் நீ வாங்கிக்கிட்டியே பாட்டி" என்றாள். 

மறுநாளும் தூறியது. என் நல்ல புடவை மேலே நனைகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து எழுந்து போனான். போனவன் வரவே இல்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தால், மேல் வீட்டு வாசலில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறான். அவர்கள் வீட்டுக் கால்சட்டையையும் சேர்த்து அள்ளிவிட்டானாம், திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறான். "உங்களுக்கு இந்த அளவு பத்தாதே" என்று அந்த மனுஷர் கேலி செய்ய, உன் புருஷன் சிரித்தான். நான் பார்த்தேன், சிரித்தான்.

சரியாகிவிட்டான் என்று நினைத்துவிடாதே. இன்னும் படுத்தே கிடக்கிற நாளும் உண்டு. ஆனால் துணி வந்துவிடுகிறது. அடுத்து என்ன செய்யலாம் என்று லாரிக்காரர் கேட்டதற்கு, உனக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறான். உள்ளே பேசியதில் இதை மட்டும் அவனே என்னிடம் சொன்னான். இந்தக் கடிதம் உன் கையில் சேர்ந்தது தெரிந்ததும், அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். அறையை அவனுக்கு விட்டுவிட்டு நானும் உன் மகளும் வெளியே போய்விடுவோம்.

நீ என்ன பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துவிட்டேன். அது உங்கள் இரண்டு பேர் பாடு. இத்தனை மாசம் அவன் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றவள் நீ. உனக்கும் ஆத்திரம் இருக்கும். திட்டுவதானால் திட்டு, அழுவதானால் அழு. மணி அடித்தால் எடுத்துவிடு தாயே.

உங்கள் எல்லோரையும் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு பார்க்க ஆசைப்படும்,
உன் அத்தை.