யாரும் சொல்லச் சொல்லாத ஒரு வார்த்தை

அன்பு மகள் சிட்டுவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். பயல் உன்னைத் தூங்கவே விடுவதில்லை என்றாய், நீ எங்களைப் படுத்திய பாட்டுக்கு இப்போது அனுபவி. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, அலட்சியமாக இருக்காதே. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேச முடியாத விஷயம் கண்ணு, அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து நீ கூப்பிட்டபோது அம்மா போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "அம்மாவுக்கு என் மேல என்னப்பா கோபம்?" என்று கேட்டாய், தொண்டை கட்டிக்கொண்டது என்று சமாளித்தேன். கோபமில்லை. அம்மா போனில் மொழிபெயர்த்துச் சொல்கிற வேலை பார்ப்பது உனக்குத் தெரியும், டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் நோயாளி சொல்வதை டாக்டருக்கும் மாற்றிச் சொல்வாள். போன வருஷம் அரசாங்கமும் கூப்பிட ஆரம்பித்தது. கேட்டதைப் புருஷனிடம்கூடச் சொன்னால் ஜெயில் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், புருஷனிடம் ரகசியம் வைக்கச் சம்பளமா என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். ஒருநாள் நான் ஓட்டும் பள்ளிக்கூட வண்டியை நிறுத்திவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தால், அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருக்கிறது, இவள் காதில் மாட்டும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். "ஒண்ணுமில்லைங்க" என்றாள். சாயங்காலம் டிவியில் மந்திரியிடம் அகதிகள் படகு ஏதாவது வந்ததா என்று கேட்டார்கள். கடலில் நடப்பதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா எழுந்து டிவியை அணைத்தாள். பாதி எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஆள் வீட்டுக்கு வந்தார். ரொட்டிக் கடையில் வேலை, சட்டையில் மாவு. அவர் தங்கை அந்தப் படகில் இருந்தாளாம். அதிகாரிகள் கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் படகிலிருந்த போனில் அவசரமாகப் பேசியிருக்கிறாள்: "ஒரு அம்மா போன்ல நம்ம பாஷையில கேள்வி கேட்டாங்கண்ணா. பேரு, ஊரு, ஏன் வந்தீங்க, அவ்வளவுதான். கடைசியில பயப்படாதீங்கன்னு சொன்னாங்க. அவங்களை நம்பித்தான் ஏறுறோம்." அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அந்தப் பாஷை தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள், ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "அது நீங்களாக்கா?" என்று கேட்டார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, "நான் இல்ல தம்பி" என்றாள்.

அவர் போன பிறகு அவள் என்னிடம் சொன்னது இதுதான். "அதிகாரி பயப்படாதீங்கன்னு சொல்லச் சொல்லலைங்க. நானா சொன்னேன். அவங்களைத் திருப்பி அனுப்பப் போறாங்கன்னு எனக்குத் தெரியாது." அதன் பிறகு வீட்டில் போன் அடித்தாலே என் கையில் கொடுத்துவிடுவாள். நீ வலியோடு கூப்பிட்டபோது உன்னிடம் பயப்படாதே என்று சொல்லத்தான் வேண்டும், அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை கண்ணு. அவ்வளவுதான் நடந்தது.

பிறகு ரொட்டிக்காரர் தங்கை எங்கே என்று கேட்டு வழக்குப் போட்டார். அம்மாவே அவருடைய வக்கீலைத் தேடிப் போனாள், நீதிபதி முன்னால் சொல்கிறேன் என்றாள். நான் தடுத்தேன், கேட்கிற ஆளா உன் அம்மா? அரசு வக்கீல் எழுந்து நாட்டின் பாதுகாப்பு என்றார், எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். நானும் ரொட்டிக்காரரும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பேசியதை எங்கும் சொல்லக்கூடாது என்று உத்தரவு. அம்மா வெளியே வந்ததும் அவர் எழுந்து, "என்ன நடந்துச்சுன்னு கேக்கலக்கா. அவ அழுதாளா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அம்மா வாசலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தாள். "அழல தம்பி. தெளிவாப் பேசுனா. பக்கத்துல யாரோட குழந்தைக்கோ தண்ணி கேட்டா" என்றாள். அதுவும் குற்றம்தான் என்று வக்கீல் கடிந்துகொண்டார்.

கடைசியில் அரசாங்கம் அவருக்குச் சொன்னது ஒற்றை வரி, தங்கை சொந்த நாட்டு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டாள் என்று. யாருக்குப் பயந்து ஓடி வந்தாளோ அவர்களிடமே. இருக்கிறாளா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அம்மாவுக்கு வேலை போய்விட்டது, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. ரொட்டிக் கடை இருக்கும் தெருவை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகிறாள். அவர் வீட்டுக்கு வந்த அன்றே ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாமோ என்று சாப்பிடும்போதுகூடக் கேட்கிறாள்.

நீயும் குழந்தையும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, படித்ததும் கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, தானே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். எடுத்ததும் பேசமாட்டாள், சிட்டு. வைத்துவிடாதே.

உன் அன்பு அப்பா